வெர்னா எழுதிய மூன்று அட்டைகள்

கப்பல் படத்தின் கேசட் ஹார்டல் ஊருக்கு ஒரு செவ்வாய்க்கிழமை வந்தது. சனிக்கிழமைக்குள் அதற்கு முப்பத்தொரு கருத்து அட்டைகள் சேர்ந்துவிட்டன. அதற்கு முன்னால் எந்தப் படத்துக்கும் ஏழெட்டு அட்டைக்கு மேல் போனதில்லை.

ரோலி ஷாஃபர்ட்டின் லாண்டரிக் கடையில் ஒரு பக்கம் துணி துவைக்கிற மெஷின்கள், எதிர்ப்பக்கம் வாடகைக்கு விடும் வீடியோ கேசட்டுகள். ஒவ்வொரு கேசட் டப்பாவோடும் ரப்பர் பேண்ட் போட்டு மஞ்சள் அட்டைகள் இருக்கும். படம் பார்த்தவர் மனசில் பட்டதை எழுதி, ஐந்துக்கு எத்தனை நட்சத்திரம் என்றும் போட்டு, கையெழுத்து வைக்கவேண்டும். எழுதினால் துணி காயவைக்கிற டிரையர் ஒரு தடவை இலவசம். சும்மா கிடைக்கிறதென்றால் யாருக்குத்தான் கை ஊறாது? ஈரத்துணி மூட்டையோடு வந்த ஆளெல்லாம் எங்கள் ஊரில் விமர்சகர் ஆனது இப்படித்தான்.

கப்பல் என்றால் தண்ணீரில் போவதில்லை, ஆகாயத்திலிருந்து இறங்குவது. உலகமே பார்த்த படம். பட்டணம் பட்டணமாக எரியும், ராணுவம் ஓடும், சமுத்திரம் வற்றும். அதற்கு நடுவே ஒரே ஒரு காட்சியில் கப்பலைக் கண்டு ஒரு சின்ன ஊர் தலைதெறிக்க ஓடும். அந்த ஊர் எங்கள் ஊர். நெப்ராஸ்காவில் எத்தனையோ ஊர் இருக்க, எங்கள் கடைத்தெருவைத் தேடிவந்து எடுத்தார்கள். ஊரில் நானூறு பேரும் ஓடினோம். ஆகவே கருத்தெல்லாம் எப்படி இருந்தது தெரியுமா?

'ஒரு மணி ஆறாவது நிமிஷத்தில் என் சிவப்பு பிக்கப் வண்டி முழுசாகத் தெரிகிறது. ஐந்து நட்சத்திரம். ஹார்லன் டீட்ஸ்.'

'என் முழங்கை மட்டும் வருகிறது. முகமும் வந்திருந்தால் ஐந்து போட்டிருப்பேன். மூன்று.'

'மூன்று தடவை ஓடவிட்டார்கள். ஒரு தடவைகூடக் காட்டவில்லை. அறிவியலுக்குக் கொஞ்சமும் ஒவ்வாத படம். அரை.'

எங்கள் பாதிரியார்கூட எழுதியிருந்தார்: 'உலகம் அழியும் நேரத்தில் சனங்கள் தேவாலயத்தைத் தாண்டி பேங்க் பக்கம் ஓடுகிறார்கள். இரண்டு.'

வெர்னா ஹாஸ்கெட் மட்டும் அந்தச் சனிக்கிழமை வரைக்கும் கேசட்டை எடுக்கவில்லை. பள்ளிக்கூடச் சமையலறையில் இருபத்தேழு வருஷமாக இருப்பவள். ஊரில் நாற்பது வயசுக்குக் கீழே இருக்கிற எல்லாரும் அவள் கையால் சில்லி என்கிற கறிக்குழம்பும் இலவங்கப்பட்டை ரொட்டியும் தின்று வளர்ந்தவர்கள். அதனால் எல்லாருக்கும் அவள் மிஸஸ் ஹாஸ்கெட்தான். வாய் கொஞ்சம் நீளம். மனசு அதைவிடப் பெரிசு. அவளுக்கு அந்தக் கேசட் வேண்டாமென்றில்லை. ஊரிலேயே அவளுக்குத்தான் அது அதிகமாக வேண்டியிருந்தது. அதனாலேயே பயமாக இருந்தது.

படப்பிடிப்பு போன வருஷம் செப்டம்பரில். வெர்னா அன்று காலையில் ஏழு மணிக்கே டோரீன் கடைக்குப் போய் தலைமுடியைச் சுருட்டி, தூக்கி, கலையாமலிருக்க மருந்தடித்துக் கட்டிக்கொண்டு வந்தாள். டோரீன் அவளுக்குப் பள்ளிக்காலத்துச் சிநேகிதி, ஊருக்கு ஒரே முடி ஒப்பனைக்காரி. புருஷன் டெல்மர் சோள லாரி ஓட்டுகிற பழைய சட்டையோடே வந்து நின்றான்.

"உலகம் அழியறப்போ இவ்வளவு ஜோடனையா?" என்று கேட்டான்.

"அழியறதுதான் அழியறோம், பாக்கிற மாதிரி அழிவோமே" என்றாள் வெர்னா.

மேலே கப்பலும் இல்லை, கிப்பலும் இல்லை. கிரேனில் ஒரு கம்பு, கம்பு நுனியில் ஆரஞ்சுப் பந்து. அதைப் பார்த்துப் பயப்படவேண்டும். ஒலிபெருக்கி வைத்திருந்த பெண் இவர்கள் இருவரையும் காட்டி, "நீங்க ரெண்டு பேரும் கையைப் பிடிச்சுக்கிட்டு ஓடுங்க, விடாதீங்க" என்றாள். சங்கு ஊதியது. ராட்சத விசிறிகள் வைக்கோல் தூசியை வாரி இறைத்தன. சனம் ஓடியது. எல்லாம் முடிந்து தூசி அடங்கியபோது வெர்னா பேங்க் வாசலில் தன்னந்தனியாக நின்றாள். டெல்மரைக் காணோம். பத்து நிமிஷம் கழித்து மூச்சிரைக்க, வலதுகாலை இழுத்துக்கொண்டு வந்தான்.

"அட பாவி மனுசா, முப்பத்தெட்டு வருஷம் ஆக்கிப் போட்டேன். ஒரு பந்தைப் பாத்ததும் கையை உதறிட்டு ஓடிட்டியே!"

டெல்மர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தான். "படம் வரட்டும், பாத்துக்கலாம்" என்றான்.

முழங்கால் வீங்கி ஒரு வாரம் படுத்தான். வெர்னா தைலம் தேய்த்துக்கொண்டே, "பொண்டாட்டியை விட்டுட்டு ஓடினா சாமி இப்படித்தான் குடுக்கும்" என்றாள். அது அந்த வீட்டுப் பாட்டாகவே ஆகிவிட்டது. விருந்தாளி வந்தால் சொல்வாள். தேவாலயத்தில் சாப்பாட்டு மேசையில் சொல்வாள். "அவருக்கு அவர் உசிரு வெல்லக்கட்டி" என்பாள். டெல்மர் சிரிப்பான். "ஆமாமா, வெல்லக்கட்டிதான். படம் வரட்டும்" என்பான். அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசமாட்டான்.

படம் மறு வருஷம் ஜூலையில் வந்தது. எழுபது மைல் தள்ளிப் பட்டணத்துத் தியேட்டரில். ஊரே கார் கட்டிக்கொண்டு போய்ப் பார்த்தது; அவரவர் முகத்தைத் தேடுவதிலேயே கண்ணாக இருந்தோம், பக்கத்தில் யார் ஓடினார்கள் என்று யார் பார்த்தது? வெர்னாவும் டெல்மரும் அதே பட்டணத்தில்தான் இருந்தார்கள். தியேட்டரிலிருந்து இரண்டு தெரு தள்ளி, ஆஸ்பத்திரியில். அவன் நெஞ்சு அப்போதே பாதிதான் வேலை செய்துகொண்டிருந்தது. மூன்றாம் மாடி ஜன்னலிலிருந்து பார்த்தால் படத்தின் பெரிய விளம்பரம் தெரியும்.

ஆகஸ்டில் ஒருநாள் மத்தியானம் அவன் கையைப் பிடித்துக்கொண்டு வெர்னா, பழக்கதோஷம், வாய்தவறிக் கேட்டுவிட்டாள்: "என்ன கிழவா, இப்பவும் என்னை விட்டுட்டு ஓடப் பாக்கிறியா?"

டெல்மர் அவள் விரல்களைக் கொஞ்சம் இறுக்கினான். "நம்ம ஊருக்குப் படம் வரட்டும் கண்ணு" என்றான்.

மறுநாள் போய்விட்டான். எல்லாருக்கும் அது வேடிக்கைப் பேச்சு, அவளுக்கு மட்டும் அன்றிலிருந்து முள். நிஜமாகவே விட்டுவிட்டுப் போய்விட்டானே. சாகிறவனிடம் போய் அப்படியா கேட்பேன் என்று ராத்திரி பகல் இல்லாமல் மனசு அறுத்தது. அந்தக் காட்சியில் அவன் தன் கையைப் பிடித்திருப்பதை ஒரு தடவை கண்ணால் பார்த்துவிட்டால் போதும், அவனிடம் மன்னிப்புக் கேட்டுவிடலாம் என்று இருந்தாள். உதறிவிட்டுத்தான் ஓடியிருந்தான் என்றால், அதையும் தெரிந்துகொள்ளலாம். தெரியாமல் இருப்பதுதான் தாங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் முடிந்து கேசட்டை வீட்டுக்குக் கொண்டுவந்தாள். டெக்கில் போட்டாள். டெல்மரின் நாற்காலிக்குப் பக்கத்து நாற்காலியில், கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தாள்.

ஒரு மணி ஆறாவது நிமிஷம். கடைத்தெரு. தூசி. சனம். அதோ, திரையின் இடது ஓரத்தில் வெர்னா! கோபுரம் மாதிரி தலைமுடி, வாயைப் பிளந்துகொண்டு ஓடிவருகிறாள். அவள் வலது கை பக்கவாட்டில் நீண்டிருக்கிறது. நீண்ட கை டிவியின் விளிம்போடு முடிந்துவிடுகிறது. கையைப் பிடித்திருக்கும் ஆள் இல்லை. இரண்டு விநாடி. அப்புறம் படம் அப்படியே வலது பக்கம் நகர்ந்து கதாநாயகனின் காருக்குப் போய்விட்டது.

ரீவைண்ட் பண்ணிப் பார்த்தாள். நிறுத்திப் பார்த்தாள். பதினோரு தடவை பார்த்தாள். டிவிக்குப் பக்கவாட்டில் போய்க்கூட எட்டிப் பார்த்தாள், பைத்தியக்காரி மாதிரி. டெல்மர் இல்லவே இல்லை.

திங்கட்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் லாண்டரிக்குப் போனாள். அதற்குள் யாரோ ஒரு குறும்புக்காரன் புது அட்டை எழுதி வைத்திருந்தான்: 'மிஸஸ் ஹாஸ்கெட் கப்பலுக்குக் கை நீட்டுகிறார், பஸ் என்று நினைத்துவிட்டார் போல. நான்கு நட்சத்திரம்.' வேறு நாளாக இருந்தால் அவளே விழுந்து விழுந்து சிரித்திருப்பாள். அன்றைக்கு ஒரு அட்டையை உருவி, நின்றபடியே எழுதினாள்: 'என் புருஷனை வெட்டி எறிந்துவிட்டார்கள். செத்தவன்தானே, யார் கேட்பார்கள் என்று நினைத்துவிட்டார்களா? ஒரு நட்சத்திரம்கூட இல்லை. வெர்னா ஹாஸ்கெட்.'

ரோலி அதை வாங்கிப் படித்தான். முப்பத்தைந்து வயசுக்காரன்; சின்ன வயசில் இரண்டாவது தடவை சில்லி கேட்டு வரிசையில் நிற்பவன். முகம் சுண்டிவிட்டது.

"யாரும் வேணும்னு வெட்டலைங்க மிஸஸ் ஹாஸ்கெட். தியேட்டர்ல திரை நீளம். உங்க டிவி சதுரம். நீளத்தைச் சதுரத்துக்குள்ள அடைக்கணும்னா ரெண்டு ஓரத்தையும் வெட்டித்தான் ஆகணும். நீங்க தட்டுல மாவைப் பரப்பிட்டு ஓரத்தைச் சீவுவீங்கள்ல, அந்த மாதிரி."

"நான் சீவின ஓரத்தைத் தூக்கிப் போட்டிருக்கேனா? சர்க்கரை தூவிச் சுட்டு உனக்குத்தான் குடுத்திருக்கேன்."

ரோலி தலையைக் குனிந்துகொண்டான். "ஆமாங்க" என்றான்.

"சரி, ஓரம் வெட்டாத கேசட்டுன்னு ஒண்ணு கிடையாதா?"

"இருக்கு. மேலயும் கீழயும் கறுப்புப் பட்டையோட வரும். படம் கொஞ்சம் சின்னதாத் தெரியும், ஆனா முழுசா இருக்கும்."

"அப்புறம் என்னத்துக்குய்யா அதை வாங்காம இதை வாங்கின?"

ரோலி ஒரு மெஷின் மூடியைத் துடைத்தான். அது ஏற்கனவே பளபளவென்றுதான் இருந்தது. மூலையில் துண்டு மடித்துக்கொண்டிருந்த டோரீனுக்குப் பொறுக்கவில்லை.

"ஏன்னா நீதான் வாங்கக் கூடாதுன்ன, வெர்னா. மறந்துட்டியா? அந்த அட்டையை எடுத்துக் காட்டு ரோலி, ஒளிச்சு வச்சு என்ன ஆகப்போகுது."

ரோலி மேசை இழுப்பறையிலிருந்து ஒரு பழைய மஞ்சள் அட்டையை எடுத்தான். போன வருஷம் வசந்தகாலத்தில் வேறு ஏதோ ஒரு படத்துக்கு எழுதியது. கையெழுத்து சந்தேகத்துக்கு இடமில்லாமல் வெர்னாவுடையது.

'மேலே ஒரு கறுப்புப் பட்டை, கீழே ஒரு கறுப்புப் பட்டை. பாதிப் படத்தைக் காணோம். நான் டிவியை முழுசாக வாங்கினேன், படத்தையும் முழுசாகக் காட்டவேண்டும். இந்த மாதிரிக் கேசட் இனி இந்தக் கடைக்குள் வந்தால் என் துணியை ஆற்றில் துவைத்துக்கொள்வேன்.'

கீழே 'நாங்களும்தான்' என்று போட்டு இருபத்திரண்டு பேர் கையெழுத்து. நாலாவது கையெழுத்து டெல்மர் ஹாஸ்கெட். வெர்னாவுக்கு அந்த நாள் ஞாபகம் வந்தது. "எனக்குப் பட்டை ஒண்ணும் தொந்தரவாத் தெரியல. நீ சொன்னா சரி" என்று சொல்லித்தான் பேனாவை வாங்கினான்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பது இதுதான். படத்தை முழுசாகக் காட்டு என்று சண்டை போட்டே படத்தை வெட்டவைத்திருக்கிறாள். எங்கள் ஊரில் அவள் ஒருத்தி இல்லை, இருபத்திரண்டு பேருமே அந்த மடத்தனத்தைப் பண்ணியவர்கள்தான். ஆனால் நஷ்டம் அவளுக்கு.

வெர்னா அங்கேயே டிரையர் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து அழுதாள். ஊர் பார்க்க அவள் அழுதது அன்றைக்குத்தான், அடக்கத்தின்போதுகூட அழவில்லை. டோரீன் மடித்துவைத்த துண்டில் ஒன்றை எடுத்துக் கொடுத்தாள். "சூடா இருக்கு, மூஞ்சியைத் துடை" என்றாள். ரோலி அதற்குள் டெலிபோனைச் சுழற்ற ஆரம்பித்துவிட்டான்.

ஒமாஹாவில் கேட்டான், டென்வரில் கேட்டான். பட்டை போட்ட கேசட்டை யாரும் சீண்டுவதில்லை, அதனால் கொஞ்சம்தான் அச்சிட்டார்கள் என்று பதில் வந்தது. கடைசியில் எங்கேயோ ஒன்று மாட்டியது. பதினாறு நாள் கழித்து, ஒரு சனிக்கிழமை காலையில், தெருவெல்லாம் பனி கொட்டிக் கிடக்க, ரோலியே அதைக் கோட்டுக்குள் வைத்து எடுத்துக்கொண்டு வந்தான். டோரீனும் கூட வந்தாள்.

"இருக்கட்டுமா, போகட்டுமா?" என்று கேட்டாள் டோரீன்.

"காபி போட்டிருக்கேன். சமையக்கட்டுல உக்காருங்க. கூப்பிட்டா வாங்க."

வெர்னா கேசட்டைப் போட்டாள். மேலே பட்டை, கீழே பட்டை. நடுவில் படம் ஜன்னல் கட்டை மாதிரி ஒடுங்கலாக ஓடியது. திட்டவில்லை. தரையில் மண்டியிட்டு, மூக்கு திரையில் முட்டுகிற அளவுக்கு நெருங்கி உட்கார்ந்தாள்.

ஒரு மணி ஆறாவது நிமிஷம். கடைத்தெரு. தூசி. அதே வெர்னா, அதே கோபுரக் கொண்டை. ஆனால் இப்போது அவள் ஓரத்தில் இல்லை, கொஞ்சம் உள்ளே தள்ளி இருந்தாள். அவளுடைய நீட்டிய கையின் நுனியில், இடது ஓரத்தில், சோள லாரிச் சட்டையோடு டெல்மர்! அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தான். கட்டைவிரல் அளவுதான் இருந்தான். வெர்னா "ஹோ" என்று ஒரு சத்தம் போட்டாள். "பிடிச்சிருக்கான்! டோரீன், பிடிச்சிருக்கான்!"

இருவரும் சமையலறையிலிருந்து ஓடிவந்தார்கள். இந்தக் கேசட்டில் படம் கதாநாயகனிடம் நகரவில்லை. கார் ஒரு பக்கம் போய்க்கொண்டிருக்க, ஊர் மறுபக்கம் ஓடிக்கொண்டே இருந்தது. மூன்று பேரும் பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

விசிறிக் காற்று சுழன்று அடித்தது. திரையில் வெர்னாவின் கொண்டை சரிந்தது. அவள் சட்டென்று டெல்மரின் கையிலிருந்து தன் கையை உருவினாள். இரண்டு கையாலும் தலைமுடியைப் பிடித்துக்கொண்டு, திரும்பியே பார்க்காமல் ஓடினாள். ஹார்லனின் ஐந்து நட்சத்திர பிக்கப் வண்டி குறுக்கே வந்து இருவருக்கும் நடுவில் போயிற்று. வண்டி விலகியபோது வெர்னா முன்னால் போய்க் கூட்டத்தில் கலந்துவிட்டாள். டெல்மர் நின்றான். வெறுங்கையைப் பார்த்தான். அவள் விழுந்துவிட்டாள் என்று நினைத்துவிட்டான் போல. திரும்பினான். நானூறு பேர் முன்னே ஓடிவர அவன் ஒருத்தன் மட்டும் எதிர்த்துப் பின்னால் போனான். தோளில் இடித்தார்கள், தள்ளினார்கள். வண்டி போன இடத்துக்கு வந்ததும் ரோட்டில் முழங்காலிட்டு, ஓடுகிற கால்களுக்கு நடுவே குனிந்து குனிந்து தேடினான்.

"ஐயோ, அங்க இல்லய்யா!" என்று வெர்னா திரையைத் தட்டினாள். "நான் முன்னாடி இருக்கேன் டெல்மர். முன்னாடி வா. ஐயோ, முழங்கால் போயிடும், எந்திரி, முன்னாடி வாய்யா!"

அவன் நிமிரவில்லை. காட்சி மாறி, எங்கேயோ ஒரு பட்டணம் எரிய ஆரம்பித்தது.

டோரீன் அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து தோளைப் பிடித்துக்கொண்டாள். ரோலி கதவு நிலையிலேயே நின்றான்.

"அவனுக்குத் தெரியும்" என்றாள் வெர்னா. "முதல் நாளே தெரியும். ஒரு வருஷம் ஊர் முன்னாடி வச்சு வாங்கு வாங்குன்னு வாங்கினேன். ஒரு தடவை, நீதாண்டி விட்டன்னு சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா நீ ஒத்துக்கிட்டிருப்பியா?" என்றாள் டோரீன்.

வெர்னா அழுகைக்கு நடுவே சிரித்துவிட்டாள். "மாட்டேன்" என்றாள். ரீவைண்ட் பட்டனை அழுத்தினாள். கையைப் பிடித்துக்கொண்டு ஓடிவருகிற இடத்தில் நிறுத்தி, காபி ஆறிப்போகும் வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை அவள் லாண்டரிக்கு வந்தபோது கையில் துணி மூட்டை இல்லை. பழைய அட்டை இரண்டையும் கேட்டு வாங்கி, கிழித்துக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டாள். புதுசாக ஒன்று எழுதி ரோலியிடம் கொடுத்தாள். அவன் படித்துவிட்டு, எத்தனை நட்சத்திரம் என்று கேட்கவில்லை. முப்பத்திரண்டு அட்டைக்கும் மேலே அதை வைத்து ரப்பர் பேண்டைப் போட்டான். கடை இருந்த நாள்வரைக்கும் அது அங்கேயே இருந்தது.

'கறுப்புப் பட்டை போட்ட கேசட்டை எடுங்கள். ஒரு மணி ஆறாவது நிமிஷத்தில் இடது ஓரத்தைப் பாருங்கள், அங்கே என்னைத் தேடிக்கொண்டிருப்பவர் என் புருஷன். கையை விட்டது நான். வெர்னா ஹாஸ்கெட்.'